எட்டு விநாடி வித்தியாசம்

அந்தத் தெருவில் கண் மங்கினால் கண்ணாடிக்காரரிடம்தான் போக வேண்டும். போனால் கண்ணோடு சேர்த்துக் காதையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். தெரிந்தேதான் எல்லாரும் போகிறார்கள்.

பார்வை சோதிக்கிற அந்தக் கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டி, இரண்டு பக்கமும் லென்ஸைச் செருகிவிட்டால் வந்தவர் எழுந்து ஓட முடியாது. ஓடினால் கதவு எது, அலமாரி எது என்று தெரியாது. அந்த நிலையில் உட்காரவைத்துத்தான் மனிதர் ஆரம்பிப்பார். "இது தெளிவா, இது தெளிவா" என்று லென்ஸை மாற்றிக்கொண்டே, "போன சனிக்கிழமை கச்சேரிக்குப் போனீங்களா?" என்பார். போகவில்லை என்று சொன்னவருக்குப் பத்து நிமிஷம். போனேன் என்று சொன்னவருக்கு அரை மணி நேரம்.

கச்சேரியில் உட்கார்ந்து கேட்பவன் கேட்பவனே இல்லை என்பது அவர் கட்சி. ஒலியைக் கலக்கும் மேசைக்கு இடது பக்கம் நாலடி தள்ளி நிற்க வேண்டும். வேறு எங்கே நின்றாலும் வீட்டிலேயே இருந்திருக்கலாம். கடைசிப் பாட்டு என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கைதட்டலுக்குத் திரும்பி வந்து மூன்று பாட்டுப் பாடுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. "கெளம்புறோம் கெளம்புறோம்னு செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு ஒரு மணி நேரம் பேசுற சொந்தக்காரங்க மாதிரி" என்பார். பழைய இசைத்தட்டுகளின் மறுவெளியீடு என்றால் இன்னும் மோசம். "கூடுதல் பாட்டுன்னு நாலு போடுவான் பாருங்க. அன்னிக்கே நல்லால்லன்னு அவனே தூக்கிப் போட்டது அது." இப்படிச் சொல்லுகிறவர் வீட்டில் ஒரு மறுவெளியீடு விடாமல் வாங்கி அடுக்கியிருக்கிறார் என்பதும் தெருவுக்குத் தெரியும். தபால்காரர் சும்மா இருப்பாரா?

இசைப் பத்திரிகைகளும் தப்பாது. "சிறந்த நூறு பாட்டுன்னு பட்டியல் போட்டா, ஆசிரியர் குழு அந்த மாசம் லீவுல போயிருக்குன்னு அர்த்தம்" என்பார். அந்தப் பட்டியலை ஒரு வாரம் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலால் திருத்துபவரும் அவர்தான். நாட்டிலேயே பெரிய இசை மாத இதழுக்குப் பத்தொன்பது வருஷமாகக் கடிதம் எழுதிவருகிறார். பிரசுரமானது ஒன்றே ஒன்று. நாலு பக்கம் எழுதியதை வெட்டி வெட்டி, அச்சில் மிஞ்சியது இவ்வளவுதான்: "சென்ற இதழ் கிடைத்தது. நன்றி." அதையும் கத்தரித்துக் கடை மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். அந்த இதழில் தன் பெயர் போட்டு முழுசாக ஒரு கட்டுரை வர வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று மனைவியிடம் அடிக்கடி சொல்லுவார். அந்த அம்மாவும் "வரும் வரும்" என்று சொல்லிக்கொண்டே குளத்துக்குக் கிளம்பிவிடுவார். நகராட்சி நீச்சல் குளத்தில் அவர் பயிற்சியாளர்.

இவ்வளவு அபிப்பிராயங்களிலும் அவர் உயிரையே வைத்திருந்தது ஒன்றின் மேல். மேடையில் எல்லாரும் இழுப்பார்கள் என்பது அது. இசைத்தட்டில் துள்ளி ஓடுகிற பாட்டு, மேடைக்கு வந்ததும் மூட்டுவலிக்காரர் மாடி ஏறுவதுபோல ஆகிவிடுமாம். குரலும் அரைக்கட்டை இறங்கிவிடுமாம்.

"உலகமே தலைகீழால்ல சொல்லுது?" என்று எதிர்க்கடை மருந்துக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். மூக்கில் சட்டத்தோடுதான். "மேடைல கூட்டத்தப் பாத்ததும் வேகம் கூடிரும்னு எங்க மச்சான் சொல்வான். அவன் டிரம்ஸ் வாசிக்கிறவன்."

"உங்க மச்சான் வாசிக்கிறான். நான் கேக்குறேன்" என்றார் கண்ணாடிக்காரர். "கால் பாயிண்ட் பவர் மாறினா உங்க கண்ணு சொல்லுமா சொல்லாதா? அது மாதிரிதான் என் காது. இருவத்திரெண்டு வருஷம், இருநூறு கச்சேரி. ஒருத்தன் ஒழுங்கான வேகத்துல வாசிச்சதில்ல."

"இருநூறு பேருமேவா தப்பு?"

"கண்ண மூடுங்க, டாக்டர் சொட்டு விடணும்" என்று அத்தோடு வாயை அடைத்துவிட்டார். அவர் டாக்டரும் இல்லை, கையில் சொட்டு மருந்தும் இல்லை.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. 'ஈரக்குடை' என்ற நால்வர் குழுவின் 'மூணாவது மாடி' தொகுப்பு. வெளியாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கான மறுவெளியீடு. இசைத்தட்டாக வந்தது ஒரே காலையில் விற்றுத் தீர்ந்துவிட, இசைத்தட்டைத் தவிர வேறெதிலும் பாட்டுக் கேட்காத இவருக்குக் கிடைத்தது ஆறு சிடி வைத்த பெட்டி. 'மூணாவது மாடி' அவர் வாங்கிய முதல் இசைத்தட்டு. கல்யாணமான மறுவாரம் பழைய சாமான் கடையில் ஒரு ரிக்கார்டு பிளேயரையும் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு முன் அவரிடம் இருந்தது ஜலதோஷம் பிடித்த ஒரு ரேடியோ மட்டும். அந்த இசைத்தட்டில் மூன்றாவது பாட்டு 'படிக்கட்டு'. அதை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பார் என்பதற்குத் தெருவே சாட்சி. கடைக்கு மேல் மாடியில்தான் வீடு, ஜன்னலும் தெருப்பக்கம்.

மதியம் கடையைச் சாத்தினார். மனைவி தண்ணீரில் உடற்பயிற்சி வகுப்புக்கு வைத்திருந்த சிடி பிளேயரை அலமாரியிலிருந்து இறக்கி, மூன்றாவது பாட்டைப் போட்டார். இருபது விநாடியில் எழுந்து நின்றுவிட்டார். பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஓடவில்லை. பாடகர் தூக்க மாத்திரை போட்டதுபோல் ஒவ்வொரு வரியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்.

"கெடுத்துட்டானுங்க" என்று அவர் சொன்னது மருந்துக்கடை வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலமே இதழுக்குக் கடிதம் போனது. மறுவெளியீட்டுக்காரர்கள் மூலநாடாவைத் தவறான வேகத்தில் ஓட்டிப் பிரதி எடுத்திருக்கிறார்கள், ஒரு தலைமுறையின் பாட்டைத் தூங்கப் போட்டுவிட்டார்கள் என்று ஒரே பக்கம். கோபத்தில் எழுதியதால் சுருக்கமாக அமைந்துவிட்டது. சுருக்கமாக அமைந்ததால் அடுத்த இதழில் வாசகர் பக்கத்தின் உச்சியில் கட்டம் கட்டி வந்தது, ஒரு சொல் வெட்டாமல்.

இதழ் வந்த அன்றைக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்கள் பாவம். ஒருவருக்கு இடது லென்ஸ் வலது பக்கம் போய்விட்டது. இதழை வாங்கிக் கையில் பிடித்தபடி தெருவின் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நாலு தரம் நடந்தார். நாலாவது தரம் திரும்பும்போது போன் அடித்தது. பேசியது இதழின் ஆசிரியர். கணீர் குரல்காரப் பெண்மணி.

"கடிதம் எழுதினவர் நீங்கதானே? உங்க பழைய கடிதமெல்லாம் எடுத்துப் படிச்சேன். மேடையில எல்லாரும் மெதுவா வாசிக்கிறாங்கன்னு பத்தொன்பது வருஷமா எழுதுறீங்க. உலகத்துல வேற யாரும் சொல்லாத விஷயம். சனிக்கிழமை 'ஈரக்குடை' இங்க மறுபடி ஒண்ணு சேந்து வாசிக்கிறாங்க, தெரியுமில்ல?"

"டிக்கெட் எடுத்தாச்சு மேடம். ரெண்டு."

"போய்க் கேளுங்க. பழைய ரிக்கார்டு, புது சிடி, மேடை, மூணையும் வச்சு ரெண்டு பக்கம் எழுதுங்க. உங்க பேர் போட்டு வரும். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும்."

அவர் சரி என்று சொன்னாரா, வெறுமனே மூச்சு விட்டாரா என்று அவருக்கே ஞாபகமில்லை. போனை வைத்ததும் படிகளில் இரண்டிரண்டாக ஏறி, தலை துவட்டிக்கொண்டிருந்த மனைவியைத் துண்டோடு தூக்க முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கச்சேரி. நாலேகாலுக்கே இருவரும் அரங்கத்தில் நின்றார்கள், ஒலி மேசைக்கு இடது பக்கம் நாலடி தள்ளி. மனைவி கழுத்தில் வழக்கம்போல் விசிலும் நேரம் அளக்கிற ஸ்டாப்வாட்சும் தொங்கின. குளத்திலிருந்து நேரே வந்திருந்தார்.

"அதக் கழட்டிட்டு வந்திருக்கலாம்ல? ஆட்டம் தொடங்கப் போறாங்கன்னு நெனச்சுக்கப் போறாங்க."

"நீங்க நோட்டும் பேனாவுமா வரலையா? எல்லாரும் தொழில் சாமானோடதான் வந்திருக்கோம்."

விளக்கு அணைந்தது. பின்னாலிருந்து வந்த கூச்சல் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. நாலு பேரும் வந்து நின்றார்கள். தொப்பையும் நரையுமாக, ஆனால் அதே நாலு பேர். டிரம்ஸில் முதல் தட்டு விழுந்ததும் அவர் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ மேசையை நகர்த்தினார்கள். இரண்டாவது பாட்டில் பேனா தொலைந்தது. மூன்றாவதாக 'படிக்கட்டு' ஆரம்பித்தபோது மனைவியின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். மெதுவாகத்தான் போனது. குரலும் கீழேதான் இருந்தது. சொன்னேனா இல்லையா, சொன்னேனா இல்லையா என்று அவர் குதித்தபடியே கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் அது பாட்டின் வரி என்று நினைத்துத் தாங்களும் சேர்ந்து கத்தினார்கள். நசுங்காத கையில் பிடித்திருந்த ஸ்டாப்வாட்சின் பொத்தானில் மனைவியின் கட்டைவிரல் பாட்டு தொடங்கும்போது ஒருதரமும் முடியும்போது ஒருதரமும் தானாக அமுங்கியது. எது தொடங்கினாலும் எது முடிந்தாலும் அந்த விரல் அப்படித்தான்.

மறுநாள் காலையில் கட்டுரைக்கு உட்கார்ந்தார். தலைப்பு மட்டும் பதினொன்று எழுதி அடித்தாகிவிட்டது.

"ஏங்க, அந்தப் பாட்டு எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே மனைவி வந்தார்.

"எந்தப் பாட்டு?"

"நேத்து என் கைய நசுக்கினீங்களே, அது."

"நாலு நிமிஷம் சொச்சம்."

"சொச்சம்னா? எங்க குளத்துல சொச்சத்துக்குத்தான் மெடலே குடுக்குறாங்க." ஸ்டாப்வாட்சைக் காட்டினார். "மேடைல நாலு பதிமூணு. உங்க சிடில நாலு பதினொண்ணு, இப்பத்தான் பாத்தேன். பழைய ரிக்கார்டு உறைல என்ன போட்டிருக்கு?"

அந்த உறையில் நன்றி சொல்லப்பட்டிருந்த டீக்கடைக்காரர் வரைக்கும் அவருக்கு மனப்பாடம். பாட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த எண்களை மட்டும் ஒருநாளும் படித்ததில்லை. உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தார். நாலு பதினொன்று.

"அப்ப எல்லாம் ஏறக்கொறைய ஒண்ணுதானே" என்றார் மனைவி. "ரிக்கார்டப் போடுங்க, பாப்போம்."

போட்டார். 'படிக்கட்டு' துள்ளி ஓடி முடிந்தது. விரல் அமுங்கியது. நாலு நிமிஷம் மூன்று விநாடி.

"இன்னொரு தடவ" என்றார் அவர். நாலு மூன்று. மூன்றாவது தடவையும் நாலு மூன்று.

"எட்டு விநாடி முந்துது" என்றார் மனைவி. "எங்க குளத்துல ஒருத்தன் இப்படி முந்தினா முதல்ல ஊக்க மருந்து சோதனைதான் பண்ணுவோம்."

அவர் ரிக்கார்டை எடுத்துவைத்தார். சுழலும் தட்டைத் தூக்கினார். அடியில் மோட்டாரின் சின்னப் பித்தளைச் சக்கரம். அதிலிருந்து ரப்பர் பட்டை போய்த் தட்டைச் சுற்றுகிறது. பட்டையைக் கழற்றினார். பித்தளை தெரியவில்லை. அதன் மேல் இரண்டு சுற்று மெல்லிய நீல நாடா. லென்ஸ் வெட்டும்போது கீறல் விழாமலும் வழுக்காமலும் இருக்க ஒட்டுகிற நாடா. முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அப்படி வெட்டுகிற கை அந்த ஊரில் ஒன்றுதான் உண்டு.

வாங்கி வந்த அன்றைக்குப் பட்டை வழுக்கியது. ஒட்டினார். அதற்கப்புறம் பட்டையை ஐந்து முறை மாற்றியிருக்கிறார்; நாடாவை மறந்தே போய்விட்டார். சக்கரம் மயிரிழை பருத்தது, தட்டு அந்த அளவுக்கு வேகமாகச் சுற்றியது. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் பாடிய அத்தனை பேரும் அரைக்கட்டை மேலே ஏறி, மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். இருநூறு கச்சேரிகளில் ஒருவர்கூட இழுக்கவில்லை.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டார். பாதிதான் அடங்கியது.

"இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார் கண்ணாடிக்காரர், கதவைப் பார்த்துக்கொண்டே.

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

"நாடா இருந்தபடியே இருக்கட்டும். நாளைக்குக் கட்டுரைய அனுப்பிடுறேன். பேரோட வரும்ல. பத்தொம்போது வருஷம்டீ."

"அனுப்புங்க. அந்த மறுவெளியீட்டுக்காரங்க உங்க கடிதத்தப் படிச்சுட்டு என்ன பாடு பட்டாங்களோ, பாவம். அதையும் சேத்து எழுதிடுங்க." இதைச் சொல்லிவிட்டு அவர் அடுப்படிப் பக்கம் போய்விட்டார். ஆள் போனாலும் சொன்னது அங்கேயே நின்றது.

கண்ணாடிக்காரர் கண்ணாடி துடைக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்தார். நகத்தால் முனையைக் கிளப்பினார். கட்டுரையை நினைத்து அதைச் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாட்டு எப்படிக் கேட்கும் என்று தெரியாமல் இன்னொரு நிமிஷம் இருக்க முடியாது, அவ்வளவுதான். நாடா உரிந்து வந்தது. பித்தளை பளிச்சென்றது. பட்டையை மாட்டி, தட்டை வைத்து, முள்ளை இறக்கினார்.

சிடியில் வந்த அதே வேகம்தான். ஆனால் அன்று கோபத்தோடு இருபது விநாடி கேட்டவர், இப்போது முழுசாக நின்று கேட்டார். பாடகருக்கு நெஞ்சு இருந்தது. குரல் அங்கிருந்து வந்தது, தொண்டையிலிருந்து அல்ல. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லாரும் நிறுத்துகிற இடம் ஒரு மூச்சு நீளமாகியிருந்தது. அதில் யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம். இத்தனை வருஷம் கித்தார் என்று நினைத்திருந்தது கித்தார் இல்லை, வேறு ஏதோ பெரிய தந்தி வாத்தியம்.

அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "யாரு இது?"

"அவனேதான்."

"அவனா? மூக்கால பாடுறான்னுல்ல நான் இவ்வளவு நாளும் நெனச்சேன்." உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். "நல்லாத்தானே பாடுறான். கல்யாணமானதிலேருந்து எனக்கு இவனப் புடிக்காதுன்னு சொல்லிட்டிருந்தேனே."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சுவரோரம் நின்ற அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். நூற்று நாற்பது ரிக்கார்டு. ஒன்றைக்கூட அவர் இன்னும் கேட்கவில்லை. நினைத்த மாத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாமே புதுசுடீ" என்று மனைவியிடம் சொன்னார். "நூத்தி நாப்பதும். எந்தக் கம்பெனி போடும் இந்த மாதிரி மறுவெளியீடு?" அன்று சாப்பாடு மூன்று மணிக்கு. தெருவில் போனவர்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, பாட்டெல்லாம் அடங்கி ஒலிக்கிறதே என்று பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இதழின் ஆசிரியருக்குப் போன் போட்டார். மனைவி பக்கத்திலேயே நின்றார். குளத்தில் பிள்ளைகள் காத்திருந்தாலும் பரவாயில்லை என்று.

"மேடம், கட்டுரை வராது" என்று ஆரம்பித்து, நாடா முதல் நாற்காலிச் சத்தம் வரைக்கும் ஒன்றுவிடாமல் கொட்டினார். "மறுவெளியீடு சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்பு. மேடையும் சரி. அந்தக் கடிதம் தப்புன்னு ஒரு வரி போட்டுடுங்க. ரெண்டு பக்கத்த வேற யாருக்காவது குடுத்துருங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை.

"உங்க கடிதத்தப் பாத்துட்டுப் பதினேழு பேர் எழுதியிருக்காங்க" என்றார் ஆசிரியர்.

"திட்டியா?"

"ஆமோதிச்சு. அவங்க காதுக்கும் மெதுவாத்தான் கேக்குதாம். ஒருத்தர் முதல் நாளே கண்டுபிடிச்சுட்டாராம், சொல்லத் தயங்கினாராம். இன்னொருத்தர் பெட்டியத் திருப்பியே அனுப்பிட்டாராம்."

கண்ணாடிக்காரர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். "பதினேழு பேர் வீட்லயுமா நாடா ஒட்டியிருக்கு?" என்றார். குரல் ஏறியது. "எனக்காவது எட்டு விநாடி இருந்துச்சு மேடம், கையில காட்டலாம். இவங்க எத வச்சு மெதுவா கேட்டாங்க? நான் எழுதினதப் படிச்சுட்டா?"

"அதத்தான் எழுதச் சொல்றேன்" என்றார் ஆசிரியர். இப்போது அவர் சிரிப்பது தெளிவாகவே கேட்டது. "நாடா, இருவத்திரெண்டு வருஷம், இந்தப் பதினேழு பேர், எல்லாத்தையும். ரெண்டு பக்கம் பத்தாது, நாலு எடுத்துக்கோங்க. சாயங்காலம் ஏழு மணி. பேர எப்படிப் போடணும்னு மட்டும் இப்பவே சொல்லுங்க."

பெயரைச் சொன்னார். ஆசிரியர் எழுதிக்கொள்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இன்னொரு முறையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். போனை வைத்துவிட்டுக் கடைச் சாவியை மனைவி கையில் திணித்தார்.

"குளத்துக்குப் போற வழில வாசல்ல ஒரு அட்டை மாட்டிடு. இன்னிக்குக் கண்ணு பாக்க மாட்டேன்."

"என்ன காரணம்னு போட?"

"காது பாக்குறேன்னு போடு."

மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். பின்னால் அடுத்த ரிக்கார்டு சுற்ற ஆரம்பித்திருந்தது. பாட்டுக்கும் பேனாவுக்கும் நடுவே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஒரு வரி எழுதினார், அடிக்கவில்லை. படி இறங்கிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தி, எழுந்து வாசல் வரை வந்து படித்துக் காட்டினார்:

"சென்ற இதழில் இந்த ஆள் எழுதியது தப்பு. ஆனால் அந்தத் தப்பைக் கேட்டுக்கொண்டிருந்த இருபத்திரண்டு வருஷமும் பிரமாதமாக இருந்தது. இன்றைக்கு அதைவிடப் பிரமாதமாக இருக்கிறது."